அழகுபாண்டி சொல்லாமல் போய்விட்டான்

1

இந்தக் கதை கே.கே. நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் நாற்காலியில், இன்று காலை, பயத்தில் பிறந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் என் வீட்டுக்காரர் சிவக்குமார், நெஞ்சைத் திறந்திருக்கிறார்கள். வெளியே நான், கையில் போன். கதை எழுதுகிறவள் பயந்தால் வேறு என்னதான் செய்வாள்?

2

முதல் வரி: 'வாடிப்பட்டியிலிருந்து அழகுபாண்டி பைக்கில் வந்து இறங்கியபோது வெயில்...'

வேண்டாம். வெயிலா இப்போது முக்கியம்? நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அழகுபாண்டி என் கொழுந்தன். வந்தான். ஸ்ட்ரெச்சரில் பச்சைத் துணி போர்த்திக் கிடந்த அண்ணனைக் கால்மாட்டில் நின்று பார்த்தான். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தான்.

"பாண்டி போயிட்டானா? ஒண்ணுஞ் சொல்லலையே," என்றார் இவர்.

"டீ குடிக்கப் போயிருப்பான்ங்க."

பொய். பைக் கிளம்பிய சத்தம் எனக்குக் கேட்டது. இவருக்கும் கேட்டிருக்கும். வாடிப்போன அந்த முகத்தோடுதான் இவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

3

(எழவு வீட்டிலிருந்துதான் சொல்லாமல் கிளம்புவார்கள். 'வாரேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடுமாம். என்றைக்கோ யாரோ பயந்து செய்த சடங்கு. இன்று அதற்கு மரியாதை என்று பெயர். ஊரெல்லாம் 'மறுபடி வாங்க' என்று அனுப்புகிற கடைகள் இருக்க, இங்கே கீழே மருந்துக் கடைக்காரர் மட்டும், நோயாளி வீட்டாரை மறுபடி வரச் சொல்லக் கூடாதென்று, தலையை ஆட்டுவதோடு சரி. இதையெல்லாம் கட்டுரையாக எழுதத் தெரிந்த நானே, அவன் திரும்பி வருகிறானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.)

4

அழகுபாண்டியை ஒரு கதாபாத்திரமாக என்னால் நம்ப முடியவில்லை. கல்நெஞ்சனா? சினிமாவுக்கே தேம்புகிறவன். அப்படியானால் அண்ணனை அவன் ஏற்கெனவே...

(இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.)

மாற்றி எழுதுகிறேன். ஊர் திரும்பும் வழியில், சமயநல்லூரில் பைக்கை ஓரங்கட்டிப் போன் செய்கிறான்.

"மதினி, அண்ணனப் பாத்ததும் வாயத் தொறந்தா அழுதுருவேன்னுதேன்... இந்தா, வண்டியத் திருப்பிட்டேன்."

வந்து, மூடிய கதவின் முன் நின்று, "அண்ணே, போயிட்டு வாரேன்," என்கிறான். சொன்னவன் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான்.

நல்ல முடிவுதான். ஆனால் பக்கத்து நாற்காலி காலி. எம்புட்டுத் தடவை அடித்தாலும் போனை எடுக்க மாட்டேன் என்கிறான், பாவிப்பய.

5

கதவு திறக்கிறது. "சிவக்குமார் கூட வந்தவங்க யாரு?"

நர்ஸின் முகத்தை மாஸ்க் மறைக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. நான் எழுந்துவிட்டேன். முடிவை எழுத நான் இந்த நாற்காலியில் இருக்கப்போவதில்லை.

நீங்களும் கதையைப் படித்துவிட்டுக் கிளம்பப்போகிறீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அவனைப் போலச் சும்மா எழுந்து போய்விடாதீர்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள்: "சிவக்குமார், போயிட்டு வாரோம்."

அவருக்குக் காது கேட்கும் என்றுதான் நினைக்கிறேன்.