நாலாவது அல்பம்

தன் புருசன் எதற்கு எப்படிச் சிரிப்பான் என்பது ஜெயமலருக்குப் பதினாறு வருசமாகப் பாடம். ரீவியைப் பார்த்துச் சிரித்தால் வீடே அதிரும். தமையனோடு கதைத்துச் சிரித்தால் கடைசியில் இருமல் வரும். அந்தச் சனிக்கிழமை காலை அவள் குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டு நிற்க, முன்னறையில் கேட்டது இரண்டிலும் சேராத சிரிப்பு. வாயை மூடிக்கொண்டு தனக்குள்ளேயே சிரித்த சிரிப்பு.

எட்டிப் பார்த்தாள். கஜீவன் சோபாவில் சாய்ந்திருந்து போனில் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன பகிடி?"

"எலிவேற்றர்ஸ் விசயம். அனோஜா ஒண்டு எழுதியிருக்கிறா, அதுதான்."

"ஆர் அனோஜா?"

"எங்கட ரசிகர் குறூப்பில இருக்கிறவ. யூனியன்வில்லில இருக்கிறா. தமிழ்ப் பிள்ளைதான்."

அவன் ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறவனோடு என்னத்தைப் பிடிக்கிறது?

லோன்லி எலிவேற்றர்ஸ் என்பது ஒரு பாட்டுக் கோஷ்டி. சஸ்கச்சுவான் மாகாணத்து வெள்ளைக்காரர் நாலு பேர். முழுக் கன்ட்ரியுமில்லை, முழு ரொக்குமில்லை, இரண்டையும் போட்டுக் குழைத்து ஓல்ற்-கன்ட்ரி என்று ஒரு சாமான். கஜீவன் எலிவேற்றர், அதாவது லிஃப்ற், திருத்துகிற வேலை செய்பவன் என்றபடியால், அந்தப் பெயரை முதல் தரம் கேட்டபோது, அவனுடைய வேலையிடத்து ஆட்கள் சேர்ந்து நடத்துகிற கோஷ்டி என்றுதான் ஜெயமலர் நினைத்தாள். வயல்வெளியில் தானியம் கொட்டி வைக்கிற உயரமான கட்டடத்துக்கும் அதுதான் பெயர் என்று அவன் விளங்கப்படுத்தினான். அதோடு சரி. அவள் காரில் ஏறினால் அவன் பாட்டை மாற்றிவிடுவான். அவளும் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டாள்.

கோஷ்டிக்கு இந்த வருசம் இருபத்தைந்து வயது. ரசிகர்கள் தங்கள் பக்கத்தில் வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஐந்து அல்பங்களையும் வரிசைப்படுத்த வேண்டும். பிடித்த பத்துப் பாட்டுச் சொல்லவேண்டும். கூடுதலாக வாக்கு விழுந்த பத்துப் பாட்டுகளை வாற மாதம் ரொறன்ரோவில் ஒரு ஞாயிறு பின்னேரம் மேடையில் பாடப்போகிறார்கள்.

கஜீவன் வேலைக்குப் போன பிறகு ஜெயமலர் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். மூன்று வருசத்து எழுத்துக் கிடந்தது. அனோஜா ஒன்று எழுத, கீழே கஜீவன். கஜீவன் எழுத, கீழே அனோஜா. கெட்டதாக ஒரு சொல் இல்லை. பாட்டு, பாட்டு, பாட்டு. ஒரு இடத்தில் கஜீவன் இங்கிலிசில் எழுதியிருந்தான்: இந்தப் பாட்டில் மவுத்ஓர்கன் வரும்போது, காய்ந்த நிலத்தில் முதல் மழைத்துளி விழுந்த மணம் எனக்கு வருகிறது.

ஜெயமலர் அதை நாலு தரம் வாசித்தாள். அவள் எந்தக் கறி வைத்தாலும் "நல்லாயிருக்கு" என்பவன். புதுச்சீலை உடுத்தால் "ஓம், வடிவு" என்பவன். இந்த மனிசனுக்குள் இப்படி ஒரு வசனம் இருந்திருக்கிறது. அது அவளுக்கு வரவில்லை. யூனியன்வில்லுக்குப் போயிருக்கிறது.

அனோஜாவின் படத்தையும் பார்த்தாள். முப்பத்தைந்துக்குள் இருக்கும். கட்டையாக வெட்டின தலைமயிர். பொட்டில்லை, நகையில்லை, ஆனாலும் வடிவு. ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று படத்தைப் பெரிதாக்கினாள். கிடைக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து, தான் வேலை செய்கிற பல் டொக்டரின் கிளினிக்குக்குப் போகிற ஷெப்பேர்ட் வீதி பஸ்ஸில், காதில் மாட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். ரசிப்பதற்கில்லை. அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்ப்பதற்கு. முதல் அல்பம் 'மெயில்பொக்ஸ் நைன்'. எல்லா ரசிகர்களும் தலையில் வைத்து ஆடுவது அதைத்தான். அவளுக்கு அதில் வந்த பான்ஜோ வாத்தியம் காதுக்குள் நுளம்பு புகுந்ததுபோல் இருந்தது. இரண்டாவதில் பாதியில் நித்திரை. மூன்றாவது 'சோல்ற் லிக்', கஜீவனின் உயிர். மழை மணந்த பாட்டு அதில்தான். அவளுக்கு ஒரு மண்ணும் மணக்கவில்லை. இதுக்கோ இவ்வளவு, என்று கொஞ்சம் சந்தோசப்பட்டாள்.

நாலாவது அல்பத்தின் பெயர் 'ஹார்வெஸ்ற் இன்ஷூரன்ஸ்'. அதை ரசிகர்களுக்கே பிடிக்காது. கோஷ்டி பிரியப்போன காலத்தில் சண்டை பிடித்துப் பிடித்துச் செய்ததாம். அதில் ஏழாவது பாட்டு, 'எஞ்சின் ரன்னிங்'. வெளியில் பனி கொட்டுகிறது. ஒருத்தி ட்ரக்கை ஓடவிட்டபடி அதற்குள்ளேயே இருக்கிறாள். எதிரே மண்டபத்தில் ஆட்டம் நடக்கிறது, உள்ளே அவளுடைய புருசன். அவளுக்கு உள்ளே போகவும் மனமில்லை, வீட்டுக்குத் திரும்பவும் மனமில்லை. ஒவ்வொரு பாட்டு முடியவும், அடுத்த பாட்டோடு போய்விடுவேன் என்கிறாள். போகவில்லை.

ஜெயமலர் இறங்கவேண்டிய தரிப்பு கடந்து போனது. அதற்கு அடுத்ததும் போனது. அவள் பிறகு குளிருக்குள் நடந்து போய், இருபது நிமிசம் பிந்தி, டொக்டரிடம் மன்னிப்புக் கேட்டாள். மத்தியானம் சாப்பிடும்போது திரும்பவும் அதையே கேட்டாள்.

அன்றைக்கே தன் பெயரிலேயே வாக்குப் போட்டாள். 'ஹார்வெஸ்ற் இன்ஷூரன்ஸ்' முதலாவது. கீழே இங்கிலிசில் இரண்டே வரி எழுதினாள்: அந்தப் பெண்ணுக்குக் கோபம் அவன் ஆடுகிறான் என்பதில் இல்லை. அவனுக்கு ஆடத் தெரியும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்பதில்தான்.

ஐந்து நிமிசத்தில் மறுமொழி வந்தது. அனோஜா. அவளும் அதே அல்பத்தைத்தான் முதலாவதாகப் போட்டிருந்தாள். பிறகு தனியாகவும் எழுதினாள். "அக்கா, நீங்கள் கஜீவன் அண்ணையின்ட மனிசியோ? உங்களுக்கு இந்தப் பாட்டெல்லாம் பிடிக்காதெண்டு அவர் சொன்னவர்."

அண்ணை என்று எழுதினால் எல்லாம் சரியாகிவிடுமோ என்று ஜெயமலர் நினைத்தாள். அதைவிடச் சுட்டது மற்ற வசனம். பிடிக்காதாம். பதினாறு வருசத்தில் ஒரு நாள், பிடிக்குமோ என்று அவன் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் யூனியன்வில்லில் ஒரு கோப்பிக் கடையில் ரசிகர்கள் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். நானும் வாறன் என்று ஜெயமலர் சொன்னபோது கஜீவன் முழித்தான். அவள் கலியாணவீட்டுக்குப் போவதுபோல் வெளிக்கிட்டாள்.

அனோஜா படத்தில் இருந்ததைவிட நேரில் வடிவாக இருந்தாள். எழும்பி வந்து ஜெயமலரைக் கட்டிப்பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினாள். வாக்கு முடிவை ஒருவர் வாசித்தார். 'மெயில்பொக்ஸ் நைன்' முதலாவது. 'ஹார்வெஸ்ற் இன்ஷூரன்ஸ்' கடைசி. 'எஞ்சின் ரன்னிங்' முப்பத்தோராம் இடம்.

"சரியான முடிவு," என்றான் கஜீவன். "அந்த அல்பத்தில ஒரு பாட்டும் உருப்படியில்லை."

"நீங்கள் அதை முழுசாக் கேட்டனீங்களோ?" ஜெயமலர் கேட்டாள்.

மேசையில் எல்லாரும் திரும்பினார்கள். கஜீவன் கோப்பியை வைத்தான்.

"ரெண்டு மூண்டு பாட்டுக் கேட்டனான்."

"ஏழாவது?"

"ஞாபகமில்லை."

"பாத்தீங்களோ அக்கா, மூண்டு வருசமா நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன்!" அனோஜா மேசையில் தட்டினாள். அதன்பிறகு இரண்டு பெண்களும் அந்தப் பாட்டைப் பற்றியே கதைத்தார்கள். கதைக்கக் கதைக்க ஜெயமலர் தன் கோபத்தை மறந்து, பிறகு ஞாபகம் வந்து, திரும்பவும் மறந்தாள். கஜீவன் ஆறிப்போன கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

வெளிக்கிடும்போது அனோஜா சொன்னாள், "அண்ணை, கன்சேட்டுக்கு ரிக்கற்றை மறக்காமல் கொண்டுவாங்கோ. ரெண்டும் உங்களிட்டத்தானே."

கார் கெனடி வீதியில் ஏறியது.

"ரெண்டு ரிக்கற்," என்றாள் ஜெயமலர்.

"உமக்குப் பிடிக்காதெண்டுதான்... எல்லாம் முடியப்போகுதெண்டு அவசரத்தில எடுத்தனான். அவ தனக்கும் ஒண்டு எடுக்கச் சொன்னவ. வேற ஒண்டுமில்லை, மலர்."

"வேற ஒண்டுமில்லை எண்டு எனக்குத் தெரியும்."

"பிறகென்ன?"

"மழை மணக்குதெண்டு அவளுக்கு எழுதத் தெரியுது. எனக்குச் சொல்லத் தெரியேல்ல."

அவன் சிவப்பு விளக்கில் நின்றான். பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"உதெல்லாம் தமிழில சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு," என்றான். பிறகு அவனுடைய குரல் மாறியது. "நீர் மட்டும்? ஒரு கிழமையாக் கேட்டிருக்கிறீர். அவளோட கதைச்சிருக்கிறீர். பக்கத்தில படுக்கிறவன், எனக்கு ஒரு சொல் சொல்லேல்ல. இண்டைக்கு அதில நான் ஆரோ மாதிரி இருந்தன்."

அவன் முகத்தை அவள் பார்த்தாள். நெற்றி சுருங்கி, உதடு இறுகியிருந்தது. இத்தனை நாள் குளியலறைக் கண்ணாடியில் அவள் பார்த்த தன் முகமும் இப்படித்தான் இருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. அதைவிட இனிப்பாகவும் இருந்தது.

"உங்கட ரிக்கற்றை எனக்குத் தாங்கோ," என்றாள். "அவளோட நான் போறன்."

கஜீவனும் அனோஜாவும் ஒன்றாகப் போகக்கூடாது என்பதற்காகக் கேட்டாளா, கோஷ்டியை நேரில் பார்க்கவேண்டும் என்பதற்காகக் கேட்டாளா, எது கூட என்று அவளுக்கே பிடிபடவில்லை. கஜீவன் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். நாலாம் நாள் ரிக்கற்றை அவளுடைய போனுக்கு அனுப்பிவிட்டான். கோஷ்டியை நேரில் பார்க்க எத்தனையோ வருசம் காத்திருந்த மனிசன்.

கன்சேட் நாள் மண்டபத்தில் கோஷ்டி அந்தப் பத்துப் பாட்டையும் பாடியது. மழைப் பாட்டும் வந்தது. பக்கத்தில் அனோஜா கண்ணை மூடிக்கொண்டு நிற்க, இந்த இடத்தில் கஜீவன் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஜெயமலருக்கு ஒரு நினைப்பு வந்து நெஞ்சைக் கீறியது. கடைசியில் பாடகர், இன்னும் ஒன்று என்ன வேண்டும் என்று கேட்டார். இரண்டு பேரும் தொண்டை கிழிய "எஞ்சின் ரன்னிங்" என்று கத்தினார்கள். அவர் சிரித்துவிட்டு வேறு எதையோ பாடினார்.

சப்வேக்கு நடக்கும்போது அனோஜா சொன்னாள், "அக்கா, ஒண்டு சொல்லட்டோ? நீங்கள் அந்த ரெண்டு வரி எழுதினதைப் பாத்து எனக்கு ரெண்டு நாள் ஒரே எரிச்சல்."

"ஏன்?"

"ஏழு வருசமா அந்தப் பாட்டுக்கு நான் ஒராள்தான். என்ர பாட்டெண்டே நினைச்சிட்டன். நீங்கள் ஒரு கிழமை கேட்டுப்போட்டு, எனக்கு எழுத வராததை எழுதிப்போட்டீங்கள்."

ஜெயமலர் நடப்பதை நிறுத்தினாள். "உம்மில எனக்கு இருந்த எரிச்சல் அதைவிடக் கூட."

"தெரியும். அண்டைக்கு நீங்கள் உடுத்திக்கொண்டு வந்ததிலேயே தெரிஞ்சது."

வீதியில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்புக்கு, தாண்டிப்போன ஒரு வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார். பிறகு பிளாற்போமில் ரெயில் வரும்வரை அந்தப் பாட்டைத் தாங்களே பாடினார்கள். அனோஜாவுக்குச் சொல் எல்லாம் பாடம், ஜெயமலருக்கு ராகம் சரி. பக்கத்துக் கதிரையில் இருந்த ஒருவர் எழும்பித் தள்ளிப் போய் நின்றார்.

வீட்டுக் கதவைத் திறந்தது கஜீவன். பின்னேரம் முழுக்க அந்த நாலாவது அல்பத்தை இரண்டு தரம் கேட்டிருக்கிறான். ஏழாவது பாட்டுப் பரவாயில்லையாம். அதைச் சொல்ல அவன் பட்ட பாட்டைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, என்னென்ன பாடினவை, எந்த ஒழுங்கில பாடினவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவளும் ஒன்று விடாமல் சொன்னாள். தனக்கு எங்கே கண் கலங்கியது என்றுகூடச் சொன்னாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் என்ன கதைச்சனீங்கள்?"

"பாட்டைப் பற்றித்தான்."

அவன் நம்பவில்லை. கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டு இன்னும் ஏதாவது வருமோ என்று பார்த்துக்கொண்டிருந்தான். வீதியில் இரண்டு பேரும் தங்கள் எரிச்சலைச் சொல்லிச் சிரித்ததை ஒரு வசனத்தில் சொன்னால் அவனுடைய மனம் ஆறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்குச் சொல்வம் என்று நினைத்துக்கொண்டு, தன் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்கு எழும்பினாள்.