சுவரைத் தாண்டி வராத பை

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம், தெக்லா மறுபடியும் கொல்லைப்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்தாள். பை வரவில்லை.

வருஷம் தவறாமல் அந்தச் சுவருக்கு மேலாக ஒரு துணிப்பை வரும். உள்ளே, பக்கத்து வீட்டு பெம்பேயின் ஆலிவ் மரத்தின் இலைக்கொத்து. "உங்க பாதிரியார்கிட்ட சொல்லி நல்லா மந்திரிச்சு வாங்கிட்டு வாடி. போன வருஷத்து இலை வெறுமனே புகைஞ்சுது, ஒண்ணுகூட வெடிக்கல" என்று குரலும் கூடவே வரும். தெக்லா அதைத் தன் வீட்டு இலையோடு சேர்த்துக் கோயிலில் வைப்பாள். ஈஸ்டருக்கு ஐம்பதாம் நாள் வரும் பெந்தெகொஸ்தே வரை அங்கே இருந்த இலையைத் தணலில் போட்டுப் பிள்ளைகளின் தலையைச் சுற்றினால் கண்ணேறு கழியும். படபடவென்று வெடித்தால் கண் வெடித்ததாக அர்த்தம்.

தெக்லா கிரேக்கக்காரி, பெம்பே துருக்கிக்காரி. சைப்ரஸ் தீவை முள்வேலி போட்டு இரண்டாக்கியபோது, நடுவில் மாட்டிக்கொண்ட இந்த ஊரில் மட்டும் இரண்டு சனமும் அவரவர் வீட்டிலேயே இருந்துவிட்டது. காப்பிக்கடைகூட ஆளுக்கொன்று. ஆனால் கண்ணேறு மட்டும் இரண்டு பேருக்கும் பொது.

"பக்கத்து வீட்டு மகாராணி மறந்துட்டா போல" என்றார் கணவர் லூக்கிஸ், செய்தித்தாளை மடித்துக்கொண்டே.

"அவ மறக்கல. நாமதான் மறந்தோம்" என்றாள் தெக்லா.

போன செப்டம்பரில் பெம்பேயின் மகன் துர்குட்டுக்குக் கல்யாணம். அவன் பிறந்ததும் பெம்பே காய்ச்சலில் படுத்துவிட, தன் மகளுக்குக் கொடுத்த பாலில் பாதியை அவனுக்கும் கொடுத்து வளர்த்தவள் தெக்லா. பேச்சு வந்ததிலிருந்து அவளை அவன் 'பாலம்மா' என்றுதான் கூப்பிடுவான். கல்யாண மண்டபம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், துருக்கிப் பகுதியில். பட்டுச்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு தெக்லா காரில் ஏறினாள். சாவடியில் ஒருவன் அடையாள அட்டை கேட்டான்.

"என் தீவுல நான் போறதுக்கு இவன்கிட்ட எதுக்குக் கார்டு காட்டணும்? காட்டினா, அந்தப் பக்கம் தனி நாடுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?" என்று லூக்கிஸ் வண்டியைத் திருப்பினார். தெக்லாவின் கைப்பையில் அவளுடைய அட்டை இருந்தது. இறங்கி நடந்திருக்கலாம். அவளுக்கும் அப்போது அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் பெம்பேயிடம், "தலைவலிடீ, எழுந்திருக்கவே முடியல" என்றாள்.

பெம்பே அவள் முகத்தையே பார்த்தாள். "இப்ப பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டாள். சாவடியில் திரும்பிய அவர்கள் காருக்குப் பின்னால் நின்ற வண்டியில் பெம்பேயின் தம்பி இருந்தான் என்பது தெக்லாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பை வராத அந்தச் சாயங்காலம், இருட்டும் முன்பு, சுவரைத் தாண்டித் தன் பக்கம் வளைந்திருந்த பெம்பேயின் கிளையில் ஒரு கொத்து ஒடித்தாள் தெக்லா. அதைத்தான் கோயிலுக்குக் கொண்டுபோனாள்.

பெந்தெகொஸ்தே கழிந்து அந்த இலையை ஒரு பையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனபோது, பெம்பே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். சாவடிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த துர்குட்டுக்கு மகன் பிறந்திருந்தான்.

"இது என் மரத்து இலையாச்சே" என்றாள் பெம்பே, பையைப் பிரித்துப் பார்த்து.

"என் பக்கம் வந்த கிளைடீ. திருட்டுன்னு வேணா வச்சுக்கோ. பேரனுக்குப் புகை போட எடுத்துட்டுப் போ."

பெம்பே சிரிக்கவில்லை. பையைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தாள். "நீயே வந்து போடு. பிள்ளை அங்கதான் இருக்கு. தலைவலி இல்லைன்னா வா."

அடுத்த வாரம் தெக்லா தனியாகப் போனாள். சாவடியில் இருந்த பெண் அட்டையை வாங்கி, கொட்டாவி விட்டுக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான். இதற்காகவா அன்று வண்டியைத் திருப்பினோம்?

துர்குட் கதவைத் திறந்தான். "வாங்க தெக்லா அம்மா, உக்காருங்க" என்று கூடத்து சோபாவைக் காட்டினான். விருந்தாளிக்கு எடுக்கும் பூப்போட்ட கோப்பையில் காப்பி வந்தது. அந்த வீட்டில் யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை.

பெம்பே தணல் கொண்டுவந்தாள். தெக்லா இலையைப் போட்டுக் குழந்தையைச் சுற்றினாள். படபடவென்று வெடித்தது. "இந்த வருஷம் பாதிரியார் ஒழுங்கா மந்திரிச்சிருக்கார்" என்றாள் பெம்பே. குரலில் பழைய பெம்பே கொஞ்சம் இருந்தாள்.

தெக்லா தலை நிமிர்ந்தபோது சுவரில் கல்யாணப் படம் தெரிந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில். பக்கத்தில் பெம்பே. அவளுக்கு அடுத்த நாற்காலியில் யாரும் இல்லை. வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று, தன் கைப்பையை அதன்மேல் வைத்திருந்தாள் பெம்பே.

புகைதான் கண்ணைக் கரிக்கிறது என்று தெக்லா சொன்னாள். பெம்பே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.