அப்பாக்கள் நாள்

"கொஞ்சம் நகருங்க மேட்ரன், கழுத்து ஒடியுது!" சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தலையில் தாங்கியிருந்தவன் மறுபடியும் கெஞ்சினான்.

மேட்ரன் கம்ஃபர்ட் அசைந்து கொடுக்கவில்லை. பெண்கள் ஹாஸ்டலின் வாசற்படியில் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளைச் சுற்றிக்கொண்டு போகவும் இடமில்லை, தாண்டிப் போகத் தைரியமும் இல்லை. பெட்டி தூக்கிகள் ஆறு பேரும் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள்.

"ஆம்பளைக் கால் இந்தப் படியைத் தாண்டாது. செத்துப் போனவரு போட்ட சட்டம். அவரு சாவுக்கே அதை மீறுவீங்களோ?"

செர்வாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. குமாசிப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் நூறு நர்சுகளை மேய்க்கிறவள் அவள். ஆனால் இந்தப் படிக்கு முன்னால் வந்து நின்றால் இன்றைக்கும் பதினாறு வயதுதான்.

"மேட்ரன், பெட்டி காலிதானே? பெட்டி ஆம்பளையா?"

மேட்ரன் யோசித்தாள். பிறகு உள்ளே திரும்பி, "பொண்ணுங்களா, வாங்கடீ!" என்று ஒரு குரல் கொடுத்தாள். திபுதிபுவென்று வந்தார்கள். பெட்டி தலை மாறியது. பளபளக்கும் அந்தப் பெரிய பெட்டியைப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே கூடத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். தூக்கிகள் வேப்ப மரத்தடியில் தொப்பென்று உட்கார்ந்து கோட்டைக் கழற்றினார்கள்.

"பெட்டி சரி. அவரு வரக் கூடாது" என்றாள் மேட்ரன்.

செர்வாவின் அப்பா, பிரின்சிபால் அசாமனி, எண்பத்தாறு வயது வாழ்ந்து, காலையில் சோளக் கஞ்சி குடித்து, கஞ்சியில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்லிவிட்டுத் தூக்கத்தில் போனவர். அப்படிப்பட்ட சாவுக்கு, அகால மரணத்துக்குக் கட்டுகிற சிவப்புத் துணியை யார் கட்டுவார்கள்? ஊரே வெள்ளையும் கறுப்புமாகப் பூப்போட்ட துணியில் திரிந்தது. கீழே மைதானத்தில் பந்தல் போட்டு, பேண்டு செட்டு காலையிலிருந்து ஊதிக்கொண்டிருந்தது. அண்டா அண்டாவாகச் சோறு வெந்தது. எல்லாம் தயார். அடக்கத்துக்கு முன்னால் ஊரார் பார்க்க அவரை எங்கே கிடத்துவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

அது செர்வா முடிவு செய்கிற விஷயமும் இல்லை. அந்த ஊர் வழக்கப்படி பிள்ளைகள் தாயின் குலம். அப்பாவின் உடல் அப்பாவுடைய குலத்துக்குச் சேர்ந்தது. குலத்தலைவர் போஹேனே, அப்பாவின் அண்ணன், அவர் சொல்வதுதான் சட்டம். பிள்ளைகளுக்கு உள்ள பாத்தியதை ஒன்றே ஒன்று, பெட்டி வாங்கித் தருவது. அதைத்தான் செர்வா வாங்கி, யாரிடமும் கேட்காமல், நேரே இங்கே கொண்டுவந்துவிட்டாள்.

செய்தி போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் ஒரு பிக்கப் வண்டி உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. போஹேனே இறங்கினார். போர்த்தியிருந்த துணியை இடது தோளில் எறிந்துகொண்ட வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"செர்வா! பெட்டி எங்கடீ?"

"உள்ள இருக்கு."

"உள்ளன்னா? நான் ஒப்போங்கோட மாடி வீட்டைப் பேசி, வெள்ளையடிச்சு, கட்டிலெல்லாம் போட்டாச்சு. அக்ராவிலேருந்து மந்திரிமாருங்க வர்றாங்க. நீ என்னடான்னா பொட்டைப் புள்ளைங்க துணி காயப்போடற எடத்துல பெட்டியை வெச்சிருக்கே!"

"ஒப்போங் சிமெண்டு வியாபாரி, பெரியப்பா. அப்பா அவன் வீட்டுல ஒரு தடவைகூட தண்ணி குடிச்சதில்லை."

"வேற எங்க வெக்கறது? உங்கப்பன் சொந்தமா ஒரு வீடு கட்டினானா? கப்பல்ல போயிப் படிச்சுட்டு வந்தவன். தலைநகரத்துல நாற்காலி போட்டுக் கூப்பிட்டாங்க. போகல. இந்த மேட்டுல கல்லூரி கட்டறேன்னு ஏறினான். நாப்பது வருஷம் கல்லு கல்லா மேல தூக்கிட்டுப் போனான். ஒரு கல்லு, ஒரே ஒரு கல்லு, கீழ ஊருக்குள்ள தவறி விழுந்துச்சா? வீடில்லாத ஆம்பளையோட அண்ணன்னு நான் எத்தனை சாவு வீட்டுல தலைகுனிஞ்சு உக்காந்திருக்கேன், உனக்குத் தெரியுமா?"

கோபம் என்று அவள் நினைத்ததில் பாதி வெட்கம் என்பது அப்போதுதான் செர்வாவுக்குப் புரிந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"உடம்பு உங்களோடது பெரியப்பா. நான் கேக்கல. பெட்டி என்னோடது. அது இருக்கிற எடத்துக்கு உடம்பைக் கொண்டாங்க."

வேப்ப மரத்தடியில் ஒரு தூக்கி 'அம்மாடி!' என்று வாயைப் பொத்திக்கொண்டான். குலமே பெட்டி வாங்கினால், பெற்ற பிள்ளைகள் கைவிட்டார்கள் என்று ஊர் சிரிக்கும். அந்தப் பழியைச் செத்தவர் தலையில் போட எந்த அண்ணனுக்கு மனசு வரும்? போஹேனே அவளை நெருங்கி வந்தார்.

"நீ எங்க குலமே இல்ல. உனக்கு எதுக்கு இவ்வளவு பிடிவாதம்? அதுவும் ஏன் இந்த எடம்? அவன் உயிரோட இருந்தப்பவே காலெடுத்து வெக்காத எடம்!"

"அதனாலதான்" என்றாள் செர்வா.

மிச்சத்தை மேட்ரன்தான் சொன்னாள். படியை விட்டு இறங்காமலே சொன்னாள்.

"இந்த ஹாஸ்டலோட முதல் பொண்ணு நான். பிரின்சிபால் கோகோத் தோட்டம் தோட்டமா நடந்தாரு. மலையைச் சுத்தி எந்த ஊர்ல விளக்கு எரிஞ்சாலும் அதை மாட்டினவ நம்ம பொண்ணா இருக்கணும், எந்த ஊர்ல குழந்தை பொறந்தாலும் அதைக் கையில வாங்கினவ நம்ம பொண்ணா இருக்கணும்னு பேசுவாரு. எங்கப்பன் சிரிச்சான். 'உன் பசங்க கல்லூரிக்குள்ள என் மகளை விட்டுட்டு நான் தூங்கறதா?'ன்னான். அப்பதான் இவரு செருப்பைக் கழட்டிட்டு மண்ணுல நின்னு சத்தியம் பண்ணினாரு. 'ஒரு ஆம்பளைக் காலும் அந்தப் படியைத் தாண்டாது. என் காலும்தான்'னு. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் எங்க அப்பனுங்க எங்களை அனுப்பினாங்க."

"வருஷத்துக்கு ஒரு நாள் அப்பாக்கள் நாள் உண்டே" என்றார் போஹேனே.

"உண்டு. அன்னிக்கு மகளோட பேரைச் சொல்லி அப்பாக்கள் கூடம் வரைக்கும் வரலாம். ஆறு மணிக்கு வெளிய போயிடணும். எல்லா அப்பாவும் வந்தாங்க. இவ அப்பா வரல. பிரின்சிபாலா வர்றேனா, அப்பனா வர்றேனான்னு அடுத்தவன் எப்படிக் கண்டுபிடிப்பான்னு கேட்டாரு. அதோ, அந்த வேப்ப மரத்துக்கிட்ட நின்னுக்கிட்டு தொப்பியை ஆட்டுவாரு. இவ தட்டுல பீன்ஸ் குழம்பும் பொரிச்ச வாழைப்பழமும் வெச்சுக்கிட்டு இந்தப் படியில உக்காந்திருப்பா. கடைசியில யாராவது ஒரு பொண்ணு கையில தட்டைக் கொடுத்து மரத்தடிக்கு அனுப்பும் இந்தப் பைத்தியம். தட்டு வழிச்சுத் தொடைச்சுத் திரும்பி வரும். அது உள்ள போயி அழும்."

கீழே பேண்டு விவரம் தெரியாமல் குஷியாக வாசித்துக்கொண்டிருந்தது. செர்வா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுததை மேட்ரன் பார்த்திருக்கிறாள் என்பதே அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

மேட்ரன் விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் வெண்கல மணி இருந்தது. அதை ஓங்கி ஆட்டினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இன்னிக்கு அப்பாக்கள் நாள். ஆறு மணி வரைக்கும்தான். பேர் சொல்லாம எவனும் படியேறக் கூடாது!"

போஹேனே முணுமுணுத்துக்கொண்டே உடலைக் கொண்டுவர ஆளனுப்பினார். பிற்பகலில் மலைப்பாதை நிறைந்துவிட்டது. சுற்றுவட்டாரத்துப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். மருத்துவச்சிகள், வாத்தியார்கள், மின்கம்பம் ஏறுகிறவள் ஒருத்தி. அவள் வந்த கையோடு துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டு கூடத்து விளக்கைச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஆம்புலன்ஸ் மேடேறியபோது பேண்டும் பின்னாலேயே ஏறியது. வெள்ளைத் துணி போர்த்திய உடலைத் தூக்கிகள் தோளில் வாங்கி, இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று ஆடிக்கொண்டே படிவரை வந்தார்கள்.

மேட்ரன் கையைக் காட்டினாள். பேண்டு நின்றது.

"யாரைப் பாக்க வந்தீங்க, சார்?"

அவள் குரலில் விளையாட்டே இல்லை. வழக்கமாக எல்லா அப்பாக்களிடமும் கேட்கிற அதே அதட்டல்.

"என்னை" என்றாள் செர்வா. "என்னைப் பாக்கத்தான் வந்திருக்காரு."

"அப்படின்னா வாங்க" என்று மேட்ரன் ஒதுங்கி வழிவிட்டாள்.

ஆரவாரம் காதைப் பிளந்தது. கைக்குட்டைகள் பறந்தன. பேண்டுக்காரர்கள் கன்னம் உப்பி வெடித்துவிடுகிற மாதிரி ஊதினார்கள். தூக்கிகள் ஆளுக்கொரு பெண்ணின் பேரைக் கடன் வாங்கிச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

போஹேனே மட்டும் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். அவருக்கு மகளே கிடையாது.

"நீங்க?" என்றாள் மேட்ரன்.

அவர் துணியைச் சரி செய்தார், தொண்டையைச் செருமினார். கூடத்தில் பெட்டியருகே நின்ற செர்வாவைப் பார்த்தார்.

"அதோ நிக்கறாளே, அவளை. என் மகதான். பொல்லாத கழுதை."

கூடத்தில் பெட்டிக்குள் அப்பா மினுமினுக்கும் கைத்தறிக் கெண்டேத் துணியில் படுத்திருந்தார். மூக்குக்கண்ணாடியை யாரோ மறக்காமல் மாட்டியிருந்தார்கள். பெண்கள் சுற்றிச் சுற்றி வந்து ஆடினார்கள். செர்வாவும் ஆடினாள், முட்டி வலியை மறந்து ஆடினாள். பிறகு சமையல் பந்தலுக்கு ஓடி ஒரு தட்டு கொண்டுவந்து தலைமாட்டு முக்காலியில் வைத்தாள். பீன்ஸ் குழம்பு, பொரிச்ச வாழைப்பழம்.

போஹேனே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் கட்டியிருக்கான்" என்றார் தனக்குத்தானே.

"அப்பா வீடு பெரியப்பா" என்றாள் செர்வா.

காலையிலிருந்து பட்டினி கிடந்தவர், தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை. தம்பிக்கு ஒரு வாய் என்று முதல் துண்டைத் தரையில் உதிர்த்துவிட்டு, மிச்சத்தை விரலால் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டுத் தட்டை அவளிடம் நீட்டினார்.

மணி அடித்தது.

"ஆறாச்சு! ஆம்பளைங்க எல்லாம் வெளிய!"

எந்த வருஷமும் அப்பாக்கள் முதல் மணிக்குக் கிளம்பியதில்லை. இன்னும் ஒரு வார்த்தை, இன்னும் ஒரு வாய் தண்ணீர் என்று இழுப்பார்கள். செர்வாவின் அப்பா இழுக்கவில்லை. பெட்டி மூடப்பட்டது, தோளில் ஏறியது, எல்லாருக்கும் முன்னால் ஆடிக்கொண்டே படியிறங்கியது. போஹேனே துணியைத் தோளில் எறிந்துகொண்டு, பெட்டிக்குப் பின்னால் தலையை நிமிர்த்தி நடந்தார்.

வேப்ப மரம் வரைக்கும் போன தூக்கிகள் அங்கே ஒரு சுற்றுச் சுற்றினார்கள். செர்வா துடைத்த தட்டைப் பிடித்தபடி படியில் நின்று பார்த்தாள்.

"உள்ள வர்றியா, வெளிய போறியா?" என்றாள் மேட்ரன். "கதவைச் சாத்தணும்."