அடுத்த அறை மகாராணி

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்பது கப்பலின் விதி. காலையில் கரையில் வாங்கிக்கொள்ளலாம். என் பெட்டியை வைத்துவிட்டு அடுத்த அறை வாசலைப் பார்த்தேன். அங்கே ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. அதுவும் சின்னது.

அந்த அறையில் இரண்டு பேர் இருந்தாக வேண்டும்.

பயணம் முழுக்க, நான் சாப்பிடக் கிளம்பும் நேரத்தில் சுவர் வழியாக ஓர் ஆண்குரல் வரும். "மகாராணி, எந்திரிங்க. இன்னிக்காவது முரண்டு பிடிக்காதீங்க." கொஞ்சம் கழித்து, "ஆங், அப்படித்தான். வலிக்குதா? சரி, மெதுவா." பதில் மட்டும் கேட்டதே இல்லை.

என் மனைவியும் கடைசியில் பேசவில்லை. நானும் எழுப்பிப் பார்த்தேன். எழவில்லை. இந்த டிக்கெட் இருவருக்குமாக எடுத்தது. "வீட்ல உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்குக் கடலைப் பாருங்க மச்சான்" என்று அவள் தம்பிதான் என்னை ஏற்றிவிட்டான். பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த அறைப் பெண் எழுந்து நிற்கிறாளா என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கதவைத் தட்டினேன்.

"பூட்டலை, வாங்க!"

ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் துண்டோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "பெட்டி எடுக்க வந்தவரா? நல்லவேளை! பேன்ட் மொத்தத்தையும் அந்தப் பெட்டிக்குள்ள போட்டுட்டேன். துண்டோட இறங்கினா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவாங்க."

"நான் பக்கத்து ரூம் சார். வெளிய ஒரு பெட்டிதான் இருக்கு. அம்மாவோடத மறந்துட்டீங்களோன்னு..."

"எந்த அம்மா?"

"மகாராணி."

ஒரு கணம் விழித்தார். பிறகு கட்டில் அதிரச் சிரித்தார். வலது முழங்காலைத் தட்டிக் காட்டினார். நீளமான தையல் தழும்பு. "இவங்கதான்! ஃபுட்பால் ரெஃப்ரி தம்பி நான். ஓடி ஓடித் தேஞ்சு போய் ஆபரேஷன். தினம் மடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. திட்டினா இறுகிக்கறாங்க. மரியாதை குடுத்தா கொஞ்சம் இறங்கி வர்றாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து நிற்க அங்கே யாருமே இல்லை.

"ஆமா, உங்க வீட்டம்மா எங்க?" என்றார்.

"ஏன் கேக்கறீங்க?"

"'லைட்டை அணைக்கட்டுமா, ஏசியக் குறைக்கவா'ன்னு தினம் கேக்கறீங்களே. அவங்க வாயே திறக்க மாட்டேங்கறாங்க. பொண்டாட்டிக்கு இவ்வளவு பயப்படற ஆளு யாருடான்னு எனக்கும் பாக்கணும்னு ஆசை."

வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

"இறந்துட்டா சார்." ஊரில் எல்லோருக்கும் அவள் தம்பிதான் சொன்னான். நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவர் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வெளியே தள்ளுவண்டி நின்றது, பெட்டி ஏறியது, வண்டி நகர்ந்தது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பேன்ட் போச்சு" என்றார், மெதுவாக.

"இன்னிக்கு முழங்காலை மடக்கியாச்சா?" என்றேன்.

"இன்னும் இல்ல. நீங்க குதிகாலைப் பிடிச்சீங்கன்னா சுலபம்."

தரையில் உட்கார்ந்து பிடித்தேன். முழங்கால் மரக்கட்டை மாதிரி இருந்தது.

"பேசணும் தம்பி. பேசாம அசைய மாட்டாங்க."

"மகாராணி" என்றேன். குரல் எழும்பவில்லை.

"சத்தமா. அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்."