மூக்கைச் செருகி நின்ற வண்டி

"சாவியப் போடு" என்றாள் லின்னியா, வண்டிக்கு அடியிலிருந்து.

கறுப்புக் கவுனுக்கு மேல் அப்பாவின் எண்ணெய்க்கறை பிடித்த ஓவராலை மாட்டிக்கொண்டு, பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டியின் மேல் அவள் மல்லாந்து கிடந்தாள். அட்டைக்குக் கீழே கல்லாகிப்போன பனி. முதுகு மரத்துக்கொண்டு வந்தது.

"டுவெயின், போட்டியா இல்லையா?"

"இரு அக்கா. போடறேன்."

தம்பியின் பளபளப்பான ஷூ மட்டும் முன்கதவுக்குக் கீழே தெரிந்தது. அவன் உள்ளே உட்காரவில்லை. வெளியே நின்றபடியே குனிந்து, கையை மட்டும் உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினான். அந்த இருக்கையில்தான் அப்பாவைக் கண்டார்கள். பெல்ட் போட்டபடி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, தூங்குகிறவர் மாதிரி. லின்னியா அவனை உட்காரச் சொல்லவில்லை.

சாவி திரும்பியதும் பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஒரு மூச்சு நேரம் முனக வேண்டும். அந்த முனகல் வரவில்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் சர்ச்சில் அப்பா ஆர்வோவுக்காக ஜெபம். அது முடிந்ததும் பெட்டி கல்லறைத் தோட்டத்துக் கல் அறைக்குப் போகும். வசந்தத்தில் மண் இளகிய பிறகுதான் குழி. ஏரிக்கரையில் குளிர்காலத்தில் செத்தவர்கள் எல்லாருமே அப்படித்தான் காத்திருப்பார்கள், அதைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை. வீட்டில் பேச்சாகிப் போனது, அம்மா ஐலி சர்ச்சுக்கு எதில் போவது என்பதுதான். டுவெயின் டெட்ராய்டிலிருந்து வந்து விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த வெள்ளை வண்டி வாசலில் நின்றது. ஐலி அதை ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தாள்.

"அவரு வண்டியிலதான் போவேன். இல்லாட்டி நடந்து போறேன்" என்று சொல்லிவிட்டுத் தலை சீவப் போய்விட்டாள்.

லின்னியாவுக்கு அது வசதியான சாக்கு. அம்மா கேட்காவிட்டாலும் இன்றைக்கு அவள் அந்த வண்டிக்கு அடியில் படுத்திருப்பாள்.

போன மாதம் அந்தப் பம்பின் எர்த் வயரைப் பனி உருகச் சாலையில் தூவும் உப்பு தின்றிருந்தது. இற்றுப்போன துண்டை வெட்டியெறிந்து, புது வயர் சேர்த்துப் பற்றவைத்தது லின்னியாதான். அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்ததிலிருந்து பொடிவேலை எல்லாம் அவளிடம் வந்துவிட்டது. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவாள். அவர் டார்ச்சைப் பிடித்தபடி பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார். வேலை முடிந்ததும் அவள் போட்ட ஒட்டை விரலால் இழுத்துப் பார்த்து, "நானும் உங்கம்மாவும் பிரிஞ்சாலும் இது பிரியாது" என்றார்.

பிறகு ஒருநாள் மத்தியானம், ரொட்டிக்கு ஏலக்காய் இல்லை என்று ஐலி சொல்ல, கடைக்குக் கிளம்பிப் போனார். கடையில் அரட்டை அடித்துக்கொண்டிருப்பார் என்று இவர்கள் இருந்துவிட்டார்கள். பனி தள்ளும் வண்டிக்காரன் அவரைப் பார்த்தபோது இருட்டிவிட்டிருந்தது. ஏலக்காய்ப் பொட்டலம் கோட்டுப் பையில் இருந்தது.

வண்டி சாலையோரப் பனிமேட்டில் மூக்கைச் செருகி நின்றது. ஊரில் எல்லாருமே வண்டி மக்கர் செய்தால் அப்படித்தான் செய்வார்கள். உருளும் வேகத்திலேயே ஓரம் கட்டி, மூக்கைப் பனிக்குள் செருகிவிட்டால், பின்னால் வரும் பனி தள்ளும் வண்டி இடிக்காது. அதனால் பார்த்தவர்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வண்டி நின்றுபோயிருக்கிறது, ஒதுக்கிப் போட்டுவிட்டு யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார், குளிரில் இதயம் தாங்கவில்லை. டாக்டர் மாரடைப்பு என்றார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதை அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. இரங்கல் சொல்ல வந்தவர்கள் கேக்கை மேசைமேல் வைத்துவிட்டு, "வண்டி நேரம் பாத்து நின்னுடுச்சே" என்றார்கள். டுவெயின் ஃபோனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "மறுபடியும் அந்தப் பம்பா?"

அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து லின்னியா கண்ணை மூடினால், ஹீட்டர் செத்துப்போன வண்டிக்குள் அப்பா கைகளைத் தொடைக்கு இடையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேட்டரியிலிருந்து இழுத்து வந்திருந்த நீள வயரில் டெஸ்ட் லாம்ப்பைக் கவ்வவிட்டு, அதன் ஊசி முனையைத் தன் ஒட்டின் மேல் வைத்தாள். வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினாள்.

விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒட்டை ஆட்டினாள், முறுக்கினாள், இழுத்தாள். மினுங்கக்கூட இல்லை.

"என்ன சொல்லுது?" என்று டுவெயின் கேட்டான்.

"எர்த் நல்லாருக்கு."

"அப்ப சரிதானே."

இன்றைக்கு நன்றாக இருக்கிறது. அன்றைக்கு? குளிரில் சுருங்கி விட்டுப்போய், இழுத்து வந்த குலுக்கலில் மறுபடி ஒட்டியிருந்தால்? கெட்டது வேறெங்கே என்று கண்ணால் பார்த்தால் ஒழிய அவளால் சர்ச்சில் போய் உட்கார முடியாது.

விளக்கை மாற்றிப் பிடித்துப் பம்புக்கு வரும் வயரில் குத்தினாள். சாவியைப் போடச் சொன்னாள். விளக்கு எரியவில்லை. மின்சாரம் இங்கே வந்து சேரவே இல்லை. வெளியே ஊர்ந்து வந்து, முன்பக்கம் போய் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தாள். முழுசாக இருந்தது. பம்புக்கு மின்சாரம் திறந்துவிடும் ரிலே மேல் விரல் வைத்துக்கொண்டு மறுபடி சாவியைப் போடச் சொன்னாள். விரலுக்கடியில் டக் என்று அடித்தது. முன்னாலிருந்து கிளம்புகிறது, பின்னால் போய்ச் சேரவில்லை.

"நடுவுல எங்கயோ முழுங்கிடுது" என்றாள்.

"அம்மா கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. விட்டுடேன். நான் பேசிக்கிறேன்."

"நீ பேசி அவங்க என்னிக்குக் கேட்டுருக்காங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று ஒருமுறை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

லின்னியா டிக்கியைத் திறந்தாள். அப்பாவின் மண்வாரி, மணல் மூட்டை, பழைய கம்பளி எல்லாவற்றையும் எடுத்துப் பனியில் போட்டாள். இடது மூலைக் கம்பளத்தை உரித்தாள். பம்புக்குப் போகும் வயர் அந்த வழியாக, ஒரு சின்னச் சுவிட்சுக்குள் நுழைந்துதான் போகிறது. வண்டி எதிலாவது மோதினால் அந்தச் சுவிட்ச் தானாகத் துள்ளி பம்பை நிறுத்திவிடும். அடிபட்ட வண்டியில் பெட்ரோல் பீய்ச்சித் தீப்பிடிக்கக் கூடாதே என்பதற்காக. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அதைத் தொட வேண்டி வந்ததில்லை. இருப்பதையே அவள் மறந்திருந்தாள்.

அதன் சிவப்புப் பொத்தான் மேலே எழும்பி நின்றது.

இந்தப் பக்க முனையில் ஊசியை வைத்து, சாவியைப் போடச் சொன்னாள். விளக்கு எரிந்து அணைந்தது. அந்தப் பக்க முனையில் வைத்தாள். இருட்டு.

அவள் நிமிர்ந்தபோது, சர்ச்சுக்குப் போகிறவர்களுக்காக வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த ஹெய்க்கி, தன் லாரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். அப்பாவின் சிநேகிதர். அன்றைக்கு இந்த வண்டியைக் கட்டி இழுத்து வந்தவரும் அவர்தான்.

"ஹெய்க்கி மாமா, அன்னிக்கு மேட்டுலேர்ந்து எடுக்கும்போது வண்டி எங்கயாவது இடிச்சுதா?"

"நான் இடிப்பனா? முட்டை மாதிரி எடுத்தேன்."

"எடுக்கறதுக்கு முன்னாடி சாவி போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. பம்ப் கப்சிப்புன்னு இருந்துச்சு. அதனாலதான் வண்டி நின்னுபோச்சுன்னு நான்தான் ஊரெல்லாம் சொன்னேன்."

லின்னியா டிக்கிக்குள் விரலைக் காட்டினாள். ஹெய்க்கி தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது மோதினாத்தானே எழும்பும்?"

"ஆமா."

"மெதுவா ஒதுக்கி நிறுத்தினா எழும்பாது."

"எழும்பாது மாமா."

அவர் நிமிர்ந்து கையுறையால் மூக்கைத் துடைத்தார்.

"அப்ப நின்னதுக்கப்புறம் மேட்டுக்குப் போகல. மேட்டுல மோதினதுக்கப்புறம்தான் நின்னுருக்கு. அதுவரைக்கும் வண்டி ஓடிக்கிட்டுதான் இருந்துருக்கு. அவன்தான்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். "அவன்தான் முந்திக்கிட்டான்."

லின்னியா தலையை ஆட்டினாள். டிக்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா காத்திருக்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு, யார் வருவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, விரைத்துப்போய் அவர் உட்கார்ந்திருக்கவே இல்லை. செத்துப்போனவரைப் பற்றி இப்படி நினைத்து நெஞ்சு இவ்வளவு இலேசாகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கிளிக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது.

"டுவெயின்."

அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். முன்கதவு நன்றாகத் திறக்கும் சத்தமும், இருக்கையின் ஸ்பிரிங் அழுந்தும் சத்தமும் கேட்டன. உட்கார்ந்துவிட்டான். சாவி திரும்பியது. டேங்குக்குள் பம்ப் முனகியது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

ஹெய்க்கி மண்வாரியையும் மணல் மூட்டையையும் எடுத்து டிக்கிக்குள் வைத்தார். "இனிமே ஊர்ல நான் வேற கதை சொல்லணும்" என்றார். "பரவால்ல. ஆர்வோ பத்தித் தப்பா சொன்னத நான்தானே திருத்தணும்."

டுவெயின் இறங்கி வந்து, லின்னியாவின் முதுகில் ஒட்டியிருந்த பனியையும் அட்டைத் தூளையும் கையால் தட்டிவிட்டான். தேவைக்கு மேலேயே தட்டினான்.

"நான் ஃபோன்ல ஏதோ கேட்டேன்ல" என்றான்.

"என்ன கேட்ட? ஒண்ணும் கேக்கல. போய் அம்மாவக் கூட்டிக்கிட்டு வா."

ஐலி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி வந்தாள். வழக்கமாக உட்காரும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். லின்னியா ஓவராலைக் கழற்றி டிக்கிக்குள் எறிந்துவிட்டு ஓட்டுநர் பக்கம் ஏறினாள். அந்த இருக்கை இன்னும் அப்பாவின் கால் நீளத்துக்குத்தான் இருந்தது. முன்னால் இழுத்துக்கொண்டாள்.

என்ன ஆயிற்று என்று ஐலி கேட்கவில்லை. கேட்காதவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று லின்னியாவுக்குத் தெரியவில்லை. சுவிட்ச், மோதல், வயர் என்று சொல்லப் போனால் அது எங்கெங்கோ போகும்.

"அம்மா, அப்பா வண்டியில உக்காந்து காத்துக்கிட்டு இருக்கல" என்றாள். "ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே போயிட்டாரு. வண்டி கடைசிவரைக்கும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

ஐலி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் படிந்த உறைபனி கீழே இருந்து ஈரமாகி இளகத் தொடங்கியிருந்தது.

"ஹீட்டர்?"

"ஓடிச்சும்மா."

"நான்தான் ஏலக்காய்க்கு அனுப்புனேன்."

"தெரியும்மா."

பின்சீட்டில் டுவெயின் வந்து உட்கார்ந்து கதவை மெதுவாகச் சாத்தினான்.

"அதான் அவரு கொண்டுபோன காப்பி ஃபிளாஸ்க் தளும்பத் தளும்ப இருந்துச்சு" என்றாள் ஐலி. "நான்தான் கொட்டிக் கழுவுனேன், எனக்குத் தோணவே இல்ல. வண்டி நின்னா அவரு பானெட்டத் தொறக்கறதுக்கு முன்னாடி காப்பியத்தானே தொறப்பாரு."

லின்னியா கியரைப் போட்டாள். வண்டி ஹெய்க்கி தள்ளிவிட்ட பனிச்சுவர்களுக்கு நடுவே மெல்ல உருண்டு சாலைக்கு வந்தது. ஹீட்டர் திருகு முழுசூட்டில்தான் இருந்தது, யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. முதலில் குளிர்காற்று வந்தது, பிறகு வெதுவெதுப்பாக, பிறகு நன்றாகவே சூடாக.

ஐலி கையுறைகளை ஒவ்வொரு விரலாக உருவிக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் அந்தக் காற்றுக்கு எதிரே நீட்டி, சர்ச் வரும்வரை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.