முப்பத்தெட்டு சென்டிமீட்டர் விரால்

நிலவழகன் சாருக்கு மீன் பிடிக்கத் தெரியாது. இந்த உண்மை அன்னவாசல் வட்டாரத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் நிலவழகன் சார். இன்னொருவர் மீன்கடை யாக்கூப்.

மற்றவர்களைக் கேட்டால் கதையே வேறு. மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் காலை எட்டு மணிக்குத் தூண்டிலும் கையுமாகக் கண்மாய்க்குப் போவார், மத்தியானம் இரண்டு மணிக்கு விரால் மீனோடு வீடு திரும்புவார் என்பார்கள். ஒரு வாரம்கூட வெறுங்கையோடு வந்ததில்லை. எப்படி வருவார்? யாக்கூப் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவே கிடையாது.

அவர் பிறவிப் பொய்யர் அல்ல. தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். வாரம் முழுக்க ஐம்பத்திரண்டு பையன்களின் கூச்சலில் குளித்துவிட்டு, ஞாயிறன்றாவது காதைக் காயப்போடலாம் என்று நினைத்தார். அதில் மண்ணைப் போட்டது அவர் மனைவி அன்புச்செல்வியின் அபாகஸ் வகுப்பு. ஞாயிறு காலையில் வீட்டு ஹாலில் இருபது பிள்ளைகள் உட்கார்ந்து இருபது மணிச்சட்டத்தைத் தட்டுவார்கள். ஓட்டு வீட்டில் ஆலங்கட்டி மழை பெய்த மாதிரி இருக்கும். அப்படி ஒரு ஞாயிறன்று, “எங்க கெளம்பிட்டீங்க?” என்று மனைவி கேட்டபோது, “மீன் பிடிக்க” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனார். கண்மாய்க் கரையில் புங்கமரத்தடியில் துண்டை விரித்தார். படுத்தார். நாலு மணி நேரம் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினார். எழுந்து பார்த்தால் கையில் மீன் இல்லை. அன்றைக்குத் தொடங்கியது யாக்கூப்போடு சிநேகம்.

“சாருக்கு இன்னைக்கு எத்தன கிலோ மாட்டியிருக்கு?” என்று தராசைத் துடைத்துக்கொண்டே கேட்பார் யாக்கூப்.

“ஒரு கிலோ போதும் பாய். ரொம்பப் பிடிச்சா சந்தேகம் வரும்.”

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வண்டியைக் குடை சாய்த்தது அவருடைய ஒரே மகள் இலக்கியா. நாலாம் வகுப்பு. அப்பாவின் வீரத்தைப் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தவள். விரால் அப்பாவைப் பார்த்ததும் தானாக வந்து வாயைத் திறக்கும் என்றுகூடச் சொல்லியிருந்தாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“அப்பா, ஒங்க பேரக் குடுத்துட்டேன்!”

திருச்சியிலிருந்து தூண்டில்காரர்கள் சங்கம் ஒன்று வந்து, அன்னவாசலுக்குப் பக்கத்துச் செங்குழிக் கண்மாயில் வருகிற ஞாயிறு காலை விரால் பிடிக்கும் போட்டி நடத்துகிறதாம். அப்பாவோ அம்மாவோ ஒரு பிள்ளையோடு ஜோடியாக வர வேண்டும். நீளமான மீனுக்கு முதல் பரிசு ஒரு சைக்கிள். மீனைக் குழம்பு வைக்க முடியாது. உயிரோடு அளந்து, போட்டோ எடுத்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும்.

“சைக்கிள் கலர்கூட முடிவு பண்ணிட்டேன்ப்பா” என்றாள் இலக்கியா.

நிலவழகன் மூலையில் கிடந்த தூண்டிலைப் பார்த்தார். சைக்கிள் போனால் போகிறது, தவணையில் வாங்கிக் கொடுத்துவிடலாம். மகள் கண்ணில் அவர் இருந்த உயரம் இருக்கிறதே, அதை எந்தக் கடையில் வாங்குவது? மூன்று ராத்திரி யோசித்து, கடைசியில் கணக்கு வாத்தியாருக்கே உரிய முறையில், தெரிந்த விடைக்கு வழியை எழுதினார். விடை விரால். வழி யாக்கூப்.

விரால் கெட்டிக்கார மீன். தண்ணீரில்லாமலும் மூச்சு விடும், ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். யாக்கூப் எப்போதும் தொட்டியில் உயிரோடுதான் விற்பார். போட்டியன்று காலை ஐந்தரைக்கே கடைவாசலில் நின்றார் சார்.

“பாய், நல்ல நீளமா ஒண்ணு. உசுரோட.”

“ஒங்களுக்குமா சார்?” என்று கேட்டு, மேற்கொண்டு பேசாமல் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார் யாக்கூப். இன்றைக்கு யாக்கூப்புக்கு ஏன் இவ்வளவு சிரிப்பு என்று சார் யோசித்திருக்கலாம். அவசரத்தில் யோசிக்கவில்லை. ஈரச் சாக்கைச் சுற்றி, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டி, வீட்டுக்கு வந்து மகளை ஏற்றிக்கொண்டார்.

பாதி வழியில் இலக்கியா நெளிந்தாள்.

“அப்பா, சீட்டு குத்துது.”

“ரோடு சரியில்லம்மா.”

“இல்லப்பா, வண்டி நிக்கிறப்பவும் குத்துச்சு.”

“சர்வீஸ் விடணும்” என்றார் அவர்.

செங்குழிக் கண்மாய்க் கரையில் பதினோரு ஜோடி கூடியிருந்தது. ஊர்க்காரர்களோ மீன்பிடித் திருவிழா என்று நினைத்துப் பையும் கூடையுமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிடித்த மீனைத் திரும்ப விடுவார்கள் என்று மைக்கில் சொன்னதும், “பிடிச்சத விடுறதுக்கு எதுக்குய்யா பிடிக்கணும்?” என்று ஒரு அம்மாள் எழுந்து நின்று கேட்டார். நடுவராக வந்திருந்தவர் அரவிந்த்குமார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்த அந்தத் திருச்சித் தம்பி பதிலுக்கு விசிலை ஊதிவிட்டார்.

நிலவழகன் ஆள் மறைக்கும் கோரைப்புல் ஓரமாக இடம் பிடித்தார். அடுத்த இடத்தில் ஜெராக்ஸ் கடை ராஜா முகமது, மகள் இர்ஃபானாவோடு நின்றார். நல்ல இடமாகப் பார்த்து அவரும் கோரைக்குப் பக்கத்தில்தான் வந்திருந்தார். கையில் ஒரு பெரிய சோற்றுப் பை. பை லேசாகத் துள்ளியது. நிலவழகன் அதைப் பார்த்தும், பார்த்ததை மூளைக்கு அனுப்பவில்லை. அவருக்கு அவர் கவலை.

“இலக்கியா, போயி முறுக்கு வாங்கிட்டு வா. மெதுவா வா.”

அவள் போனதும் சாக்கைத் தூக்கிக்கொண்டு கோரைக்குள் இறங்கினார். விராலின் வாயில் தூண்டில் முள்ளை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் யோசித்தபோது இரண்டு நிமிட வேலையாகத் தெரிந்தது. அந்த விரால் சம்மதிக்கவில்லை. முதலில் வலது கன்னத்தில் ஒன்று வைத்தது, பிறகு இடது கன்னத்தில். வழுக்கிச் சட்டைக்குள் போய் முதுகு வழியாக வந்தது. சார் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தே விட்டார். ஒருவழியாக முள்ளை மாட்டி, மூச்சு வாங்க எழுந்து, “மாட்டிருச்சு!” என்று கத்தினார்.

அதே நொடியில் பக்கத்துக் கோரையிலிருந்தும், “மாட்டிருச்சு!” என்று ஒரு குரல் வந்தது. ராஜா முகமது தலையில் பாசியோடு எழுந்தார். எதிர்க்கரையில் ஒரு “மாட்டிருச்சு”. மடைப்பக்கம் இரண்டு. கால் மணி நேரத்தில் பதினோரு ஜோடிக்கும் மாட்டிவிட்டது.

ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். இந்தக் கண்மாயில் இத்தனை விரால் இருந்தும் நம் வலையில் ஒன்றும் விழவில்லையே என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். இலக்கியா முறுக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்து அப்பாவின் ஈர இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த நிமிடம் நிலவழகன் உண்மையிலேயே ஒரு மீனைப் பிடித்தவனைப் போலச் சந்தோஷப்பட்டார்.

அரவிந்த்குமார் அளவுப்பலகையை வைத்தார். முதல் மீன் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். அடுத்தது முப்பத்தெட்டு. ராஜா முகமதுவின் மீன் முப்பத்தெட்டு. நிலவழகனுடையது முப்பத்தெட்டு. ஏழாவது மீனில் அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஒன்பதாவதில் பலகையையே திருப்பிப் பார்த்தார். பதினொன்றும் முப்பத்தெட்டு.

ஒரே பண்ணையில், ஒரே தொட்டியில், ஒரே தீனி தின்று வளர்ந்த யாக்கூப் கடை மீன்கள் வேறெப்படி இருக்கும்? பத்து அப்பாக்களும் ஒரு அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கண்மாயின் இயற்கை அழகைப் பார்த்தார்கள்.

“இது எப்படிங்க சாத்தியம்?” என்றார் அரவிந்த்குமார்.

“நான் சொல்றேன்!” என்று கை தூக்கினாள் இலக்கியா. “விரால் தன் குஞ்சுகள விட்டுட்டு எங்கயும் போகாது. கூடவே நின்னு காவல் காக்கும். இதெல்லாம் ஒரே அம்மாவோட புள்ளைங்க. ஒண்ணா வளந்துச்சு, அதான் ஒரே சைசு.”

கரை அதிரக் கைதட்டல் எழுந்தது. தட்டியவர்கள் பெரும்பாலும் போட்டியாளர்கள். “அறிவியல் பூர்வமா சொல்லிருச்சு புள்ள” என்று ராஜா முகமது கண் கலங்கினார்.

அரவிந்த்குமார் அரை மனதோடு தலையாட்டினார். மீன்களைத் தண்ணீரில் விட்டார்கள். ஒவ்வொன்று குதிக்கும்போதும் ஊர்க்காரர்கள் பக்கம், “போச்சே, ஒரு கொழம்பு போச்சே” என்று ஒப்பாரி கேட்டது. பிறகு மைக்கில் இடியை இறக்கினார் நடுவர். எல்லாரும் சமம் என்பதால் இன்னொரு சுற்று. அரை மணி நேரம். கோரைப்பக்கம் யாரும் போகக் கூடாது. எல்லாரும் வெட்டவெளிக் கரையில், அவர் கண்முன்னால், வரிசையாக நின்று வீச வேண்டும்.

வரிசையாக நின்றார்கள். விசில் அடித்தது. வீசினார்கள்.

நிலவழகன் வீசிய தூண்டில் பின்பக்கமாகப் போய் அரவிந்த்குமாரின் தொப்பியைக் கழற்றியது. ராஜா முகமதுவின் முள் அவர் கைலியிலேயே மாட்டியது, அவர் இழுக்க இழுக்க கைலிதான் ஏறியது. ஒருவர் தூண்டிலைக் கம்போடு சேர்த்துத் தண்ணீரில் எறிந்துவிட்டார். பத்தே நிமிடத்தில் பதினோரு தூண்டில் நரம்பும் ஒன்றோடொன்று பின்னி, நடுவில் தொப்பி தொங்க, இடியாப்பமாகக் கிடந்தது. ஆளுக்கொரு பக்கம் இழுக்க, ஊர்க்காரர்கள் குழம்புத் துக்கத்தை மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அரவிந்த்குமார் தலையைத் தடவிக்கொண்டு கேட்டார். “உங்கள்ல ஒருத்தருக்காச்சும் மீன் பிடிக்கத் தெரியுமாங்க?”

பதினோரு பேரும் அந்த இடியாப்பத்தையே உற்றுப் பார்த்தார்கள்.

“எங்கப்பாவுக்குத் தெரியும்!”

இலக்கியா பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்றாள். “மூணு வருசமா வாராவாரம் பிடிக்கிறாரு. சிக்கிக்கிச்சு, அதான். சிக்கெடுத்துக் குடுங்க, பிடிச்சுக் காட்டுவாரு!”

அரவிந்த்குமார் நல்ல பிள்ளை. மெனக்கெட்டுச் சிக்கெடுத்து, தூண்டிலை மரியாதையாக நிலவழகன் கையில் கொடுத்தார். கண்மாயே பார்த்தது. கைவலி என்று சொல்லலாம், தலைசுற்றல் என்று சொல்லலாம். வகுப்பில் பையன்கள் சொல்லும் நூறு சாக்கு அவருக்கு மனப்பாடம். நாற்காலியில் நின்ற மகளைப் பார்த்தார். அந்த முகத்தில் எள்ளளவு சந்தேகம் இல்லை. அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

“எனக்குத் தெரியாதும்மா” என்றார்.

“என்ன தெரியாது?”

“மீன் பிடிக்க. இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பிடிச்சதில்ல. எல்லாம் கடையில வாங்குனது. இன்னைக்கும்தான்.”

இலக்கியா நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கினாள்.

“அப்ப மூணு வருசமா ஞாயித்துக்கெழமை எங்க போனீங்க?”

மற்ற பிள்ளைகளுக்கும் இது நல்ல கேள்வி என்று பட்டிருக்க வேண்டும். “அத்தா, அப்ப நீங்க?” என்று இர்ஃபானா திரும்பினாள். ராஜா முகமது வானத்தைப் பார்த்தார். கேள்வி கரையோடு ஓடிப் பதினோராவது பிள்ளைவரை போய்ச் சேர்ந்தது.

“தூங்கப் போனேன்” என்றார் நிலவழகன். “மரத்தடியில.”

“வீட்டுல தூங்கக் கூடாதா?”

“சத்தம்மா. இருபது அபாகஸ்.”

இலக்கியா இரண்டு காதையும் பொத்திக் காட்டினாள். “அந்த இருபதுல ஒண்ணு நான்ப்பா. எனக்கும்தான் காது வலிக்குது. நீங்க மட்டும் தப்பிச்சு ஓடிட்டீங்க. என்னயக் கூப்புடவே இல்ல.”

மீன் பொய் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. விட்டுவிட்டுப் போனதுதான் வலித்தது. நிலவழகன் தூண்டிலைக் கீழே போட்டார். குனிந்து மகளைத் தூக்கிக்கொண்டார். அவளுக்கு அந்த வயதெல்லாம் தாண்டிவிட்டது, ஆனாலும் இறங்கவில்லை.

“அடுத்த வாரம் நீயும் வா.”

“எனக்குத் தனித் துண்டு வேணும்” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சைக்கிளை யாருக்கும் கொடுக்கவில்லை. அரவிந்த்குமார் அதை வண்டியில் திரும்ப ஏற்றினார்.

திரும்பும் வழியில் போன் அடித்தது. இலக்கியா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் ஆலங்கட்டி மழை.

“என்னாச்சுடி?”

“அப்பா முப்பத்தெட்டு சென்டிமீட்டர் விரால் பிடிச்சாரும்மா! எல்லாரும் கைதட்டுனாங்க. அடுத்த ஞாயித்துக்கெழமைலேருந்து நானும் போயிப் பழகிக்கணுமாம், அப்பா சொன்னாரு.”

ஒரு வார்த்தை பிசிறவில்லை. கணக்கு வாத்தியார் என்ற முறையில் கண்டிக்க வேண்டும். நிலவழகனுக்கோ அவளை அள்ளி முத்தமிட வேண்டும் போலிருந்தது.

“அப்புடியா!” என்றாள் அன்புச்செல்வி. “நானும் மூணு வருசமா நெனைக்கிறேன், ஒரு நாளு போயிப் பாக்கணும்னு. அடுத்த வாரம் நானும் வாரேன்.”

“மிஸ், நாங்களும்! நாங்களும் மிஸ்!” என்று பத்தொன்பது தொண்டைகள் ஒரே நேரத்தில் கத்தின.

“சரிடா, எல்லாரும்தான். ஏங்க, ஒரு வேன் சொல்லிருங்க. புள்ளைங்க முன்னாடி ஒரு அஞ்சாறு விராலு பிடிச்சுக் காட்டணும், என்ன?”

போன் அணைந்தது. ஸ்கூட்டர் தானாக வேகம் குறைந்தது.

“அப்பா” என்றாள் இலக்கியா. “அந்தத் தொப்பி அண்ணன் இன்னும் போயிருக்க மாட்டாரு.”

நிலவழகன் வண்டியைத் திருப்பினார். ஆக்சிலேட்டரை முறுக்கினார். அவர்கள் கரையேறியபோது அரவிந்த்குமார் மறுபடி தொப்பியைக் கழற்றிப் பத்திரமாகத் தூரத்தில் வைத்திருந்தார். அவருக்கு முன்னால் ராஜா முகமது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, தூண்டிலை எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொண்டிருந்தார்.

“வாங்க சார்” என்றார் திரும்பாமலே. “அடுத்த வாரம் எங்க வீட்டுலயும் பாக்க வாராங்களாம்.”