பங்கர் வாசல்

...இடது பக்கம் மதில், மதிலுக்கு அப்பால் கிணறு, கிணற்றடியில் ஒருவன் குந்தியிருக்கிறான், நிருஷன் அவனைக் கண்ணால் காணவில்லை, ஆனால் வாளி உருண்ட சத்தம் ஹெட்செற்றின் இடது காதில் கேட்டது, இந்த விளையாட்டில் வாளி காற்றுக்கு உருளாது, ஆகவே ஆள்தான்... மூச்சைப் பிடித்தான். குறி ஆடாமல் நிற்பதற்கு அவன் மூச்சைப் பிடிக்கத் தேவையில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் திரைக்குள் இருக்கிற சிப்பாய் பிடித்துக்கொள்வான், ஆனாலும் இவனும் பிடிப்பான், எப்போதும் பிடிப்பான், அது ஏனென்று கேட்டால் என்ன சொல்வது? மதிலுக்கு மேலே ஒரு தலை எழும்பியது. சுட்டான். தலை இருந்த இடத்தில் சிவப்பாய் ஒரு புகை நின்றது, பிறகு அதுவும் இல்லை. "நல்லம் மச்சான், அப்பிடியே நில்லு, வீட்டுக்குள்ள இன்னும் ரெண்டு பேர்" என்றான் றிப்னாஸ். அவன் முல்லைத்தீவில், தன் வாப்பாவின் கடைக்கு மேல்மாடியில் இருந்து கதைக்கிறான், நிருஷன் பளையில் தென்னங்காணிக்கு நடுவே தன் வீட்டு அறையில் இருக்கிறான். தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அங்கே நிருஷன் சொன்னதை றிப்னாஸ் கேட்பான், இங்கே றிப்னாஸ் அணித் தலைவன், அவன் சொல்வதை நிருஷன் கேட்க வேண்டும். பௌர்ணமிப் போயா லீவு, மத்தியானம், வெளியே வெயில் கொளுத்துகிறது, அறைக்குத் திரைச்சீலை இழுத்துவிட்டிருக்கிறது. வேலை நாட்களில் கம்பத்தில் ஏறி இன்டர்நெற் வயர் இழுக்கிற கை இது, நடுங்காத கை. வாசல் கதவை உதைத்தான். உள்ளே ஒருவன் திரும்புவதற்குள் நெஞ்சில் மூன்று, மற்றவன் மாடிப்படியில் ஓடினான், காலில் ஒன்று, விழுந்தவன் ஊர்ந்தான், படியெல்லாம் இரத்தத்தை இழுத்துக்கொண்டு ஊர்ந்தான், இந்த விளையாட்டில் அப்படித்தான், குண்டு பட்ட இடத்துக்கு ஏற்றமாதிரித்தான் ஆள் சாவான், அதற்காகத்தான் இதை வாங்கினான். பின்னந்தலையில் ஒன்று. ஊர்வது நின்றது.

"இதில சனம் இல்லையோ?" என்றாள் தேனுகா. அவள் அறைக்குள் வந்ததே அவனுக்குத் தெரியாது, ஹெட்செற்றின் ஒரு காதை விலக்கிப் பார்த்தால் கட்டில் விளிம்பில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்கிறாள், ஆறாம் மாத வயிற்றின் மேல் பழத்தட்டு. "என்ன சனம்?" "சனமப்பா. வீடு இருக்கு, கிணறு இருக்கு, அடுப்பில கேத்தில் இருக்கு. ஒருத்தரையும் காணேல்லை." "இது சண்டை விளையாட்டு. சனம் இருந்தா விளையாடேலாது." அவள் ஒரு சுளையை வாயில் போட்டாள். "கொடியில உடுப்புக் காயுது. ஆர் போட்டது?" நிருஷன் சிரித்தான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் முதுகில் சுடுவான்கள் என்றான். அவள் பூவரசங்குளத்துக்காரி, யுத்தத்தின் அந்தக் கடைசி மாதங்களில் அவளுடைய பள்ளிக்கூடத்தில் அகதி முகாம் போட்டிருந்தார்கள், பஸ் பஸ்ஸாய் வந்து இறங்கிய சனத்தைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள், வந்தவர்களுக்குள் நிருஷனும் ஒருவனாய் இருந்திருக்கலாம் என்று கலியாணம் பேசிய நாட்களில் சொல்வாள். கை கழுவ எழும்பிப் போனாள். ஹெட்செற்றை இழுத்து மூடினான், ஆனால் கண் கொடிக்குத்தான் போயிற்று, ஒரு சாரம், ஒரு சின்னச் சட்டை, காற்றில் ஒரேமாதிரி ஆடுகின்றன, எத்தனையோ தரம் இதே கொடிக்குக் கீழால் ஓடியிருக்கிறான், அந்தச் சின்னச் சட்டையை இன்றைக்குத்தான் காண்கிறான்... எங்கே போனார்கள்? விளையாட்டுத் தொடங்குவதற்கு முதலே போய்விட்டார்களா, போனவர்கள் ஏன் உடுப்பை எடுக்கவில்லை, நாங்களும்தான் எடுக்கவில்லை, அம்மா கழுவிப் போட்ட பள்ளிக்கூடச் சட்டை ஈரத்தோடு கொடியில் தொங்க... சீ, என்ன யோசனை இது, ஓடு, ஓடு.

"வீட்டுக்குப் பின்னால பங்கர் இருக்கு. குண்டை எறி, பிறகு பார்" என்றான் றிப்னாஸ். மரக்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர், இறங்குகிற வாசல் ஒரு கறுப்புச் சதுரம். நிருஷன் கைக்குண்டை எடுத்தான். எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து ஒரு வெளிச்சப் பொறி, அவ்வளவுதான், திரை மண்ணிறமாகி வானம் பக்கவாட்டில் சாய்ந்தது, செத்துப்போனான். "திரும்பவும் பாத்தனியே? எறிஞ்சுபோட்டுப் பார் எண்டு எத்தினை தரமடா சொல்லுறது? உள்ளுக்க உன்ர மாமியே இருக்கிறா?" அணியில் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள், ஒருவன் மட்டக்களப்பு, மற்றவன் எங்கேயோ கட்டாரில் வேலை செய்கிறவன். நிருஷனுக்குக் காது சுட்டது. வீடுகளுக்குள் பாய்வதில் இவர்களில் ஒருத்தனும் அவனுக்குக் கிட்டவும் வரமாட்டான், மதிலுக்குப் பின்னால் இருக்கிறவனை மூச்சை வைத்தே பிடிப்பான், பங்கர் வாசல் என்றால் மட்டும் அந்தக் கை முந்தாது, தலை முந்தும். ஏன்?

ஏனென்று தெரியாதா உனக்கு? அப்பா தோண்டிய பங்கர் மார்பளவு ஆழம்தான், கடற்கரை மணல் அதற்குமேல் தோண்டினால் சரிந்துவிடும், அம்மாவின் பச்சைச் சேலையைக் கிழித்துத் தைத்த மூட்டைகள், அப்பா கஞ்சி வாங்க வரிசைக்குப் போனவர் திரும்பி வரவில்லை, உள்ளே அம்மாவும் தங்கச்சி கிருசாந்தியும் அவனும். அவனுக்குப் பதினொரு வயது. வெளியே சத்தம் ஒன்றோடொன்று கலந்து ஒரே சத்தமாய்ப் போய்விட்டிருந்தது, பிறகு அது குறைந்து, காலடி கேட்கிற அளவுக்குக் குறைந்து, அப்போதுதான் பக்கத்துப் பங்கரில் வெடித்தது. வடிவம்மா மாமியின் பங்கர். காலையில்தான் அவா ஒரு பிடி பருப்புத் தந்திருந்தா. வெடித்தபோது மணல் இவர்களின் வாய்க்குள் வந்தது, பிறகு மேலேயிருந்து ஈரமாய் ஏதோ பொத்தென்று விழுந்தது, அது என்னவென்று அவன் பார்க்கவில்லை, பார்த்தான், பார்க்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். ஷெல்லா, கைக்குண்டா, யார் எறிந்தது, இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வாசலில் வெளிச்சம் நின்றுபோனது. இரும்புத் தொப்பியோடு, துவக்கோடு ஒருவன் குனிந்து நின்றான். நின்றான்... நின்றான்... பிறகு வெளிச்சம் திரும்பி வந்தது. அவ்வளவுதான் நடந்தது. எங்களைப் பாத்தவன், பாத்திட்டு விட்டவன் என்று அம்மா சொல்வார், முகாமில் சொன்னார், மாமாவுக்கு ரெலிபோனில் சொன்னார், தேனுகாவைப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் சொன்னார். ஆர் பெத்த பிள்ளையோ, நல்லாயிருக்கட்டும். வெள்ளிக்கிழமைகளில் அந்த இரும்புத் தொப்பிக்காரனுக்கும் சேர்த்து அர்ச்சனை செய்விப்பார், ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டால் சுவாமி பேருக்குச் செய்யுங்கோ என்பார்.

திரை திரும்ப வெளிச்சமானது, மைதானத்தின் மறுமுனையிலிருந்து புதிதாய்ப் பிறந்து ஓடி வரவேண்டும். ஓடினான். மாமியே இருக்கிறா என்று கேட்டானே... பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான், வழியில் நின்றவனைச் சுட்டான், விழுந்து கிடந்தவனையும் சுட்டான், குண்டு வீணாகுது என்று றிப்னாஸ் கத்தினான், வீணாகட்டும், கொடி, கிணறு, சுவர், பங்கர். பார்க்கவில்லை. எறிந்தான். நிலம் அதிர்ந்தது, காது கூவியது, இந்த விளையாட்டில் வெடிக்குப் பிறகு கொஞ்ச நேரம் எல்லாச் சத்தமும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். புகை வாசலால் கக்கியது. ரெண்டு பேர் சரி, மூண்டாவது ஆள் இன்னும் உயிரோட கிடக்கிறான் என்றார்கள். அப்போது உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது, அருகே இருக்கிற எதிரியின் குரலும் கேட்கும் இதில், எந்த நாட்டவனோ, ப்ளீஸ் பிரதர், ப்ளீஸ், நோ, நோ என்று நடித்துக் கெஞ்சினான், கெஞ்சலுக்கு நடுவே அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறான். பங்கருக்குள் கிடந்துகொண்டு சிரிக்கிறான். நிருஷன் அந்தச் சிரிப்பு வந்த பக்கம் சுட்டான். குரல் நின்றுவிட்டது, பிறகும் சுட்டான், குண்டு முடிந்தது, மாற்றினான், சுட்டான், வாய்க்குள் மணல் கரகரத்தது, மணல் எங்கிருந்து வந்தது, பின்னாலிருந்து ஒரு கை வந்து தோளைப் பிடித்தது, அவன் திரும்பக்கூட இல்லை, முழங்கை தானாய்ப் போய் இடித்தது. மெத்தென்ற ஏதோ ஒன்றில் இடித்தது. இடித்த கணமே அது துவக்கோ தொப்பியோ இல்லை, சதை, பல், என்று தெரிந்துவிட்டது, ஆனால் கை அடுத்த அடிக்கு ஓங்கிவிட்டிருந்தது.

தேனுகா கட்டிலில் சாய்ந்து இருந்தாள். ஒரு கை வாயில், மற்றக் கை வயிற்றைச் சுற்றி. விரல்களுக்கு இடையால் இரத்தம் வழிந்து சட்டையின் கழுத்தில் சொட்டியது. கழன்று தொங்கிய ஹெட்செற்றுக்குள் மச்சான், லைனில இருக்கிறியே என்று றிப்னாஸின் குரல் பூச்சிபோல் கத்தியது. "வயித்தில... வயித்தில பட்டதே?" "இல்லை." "தேனு, நான் பாக்கேல்லை, சத்தியமா நான்..." கையை நீட்டினான். அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான், ஒரு சாண் தூரம். "ஆரெண்டு நினைச்சு அடிச்சனீங்கள்?"  ஆர் என்று நினைத்தேன்? ஒருவரையும் நினைக்கவில்லை என்றால் அது இதைவிட மோசம் அல்லவா? "கூப்பிட்டனான், கேக்கேல்லை. பல்லைக் கடிச்சுக்கொண்டு சிரிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்." "நானோ? சிரிச்சனானோ?" "ஓம்." துவாய் ஒன்றை எடுத்து அவளே உதட்டில் அழுத்தினாள். பிறகு, சத்தம் போடாமல், சோறு ஆறிவிட்டதென்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். "நான் இனிப் பின்னால வரமாட்டன். பிள்ளை வரும்தானே. அது தெரியாமல் ஓடிவரும்." அவன் தரையைப் பார்த்தான், தரையில் இரத்தம், ஆகவே திரையைப் பார்த்தான். திரையில் அவனுடைய சிப்பாய் ஏவுவார் இல்லாமல் பங்கர் வாசலிலேயே குனிந்து நின்றான், தோள் மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது. மண்ணில் வெயில் வெள்ளையாய் எரிந்தது. வாசலுக்குள் ஒன்றும் இல்லை. மூன்று பேர் கிடக்க வேண்டும், சுவர் இருக்க வேண்டும், ஒன்றும் இல்லை, கறுப்பு மட்டும். வெயிலில் நின்று பார்க்கிறவனுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது... எத்தனையோ தரம் எட்டிப் பார்த்துச் செத்திருக்கிறான், ஒரு தரமாவது உள்ளே ஒரு முகத்தைக் கண்டிருக்கிறானா?

ஐஸ் எடுக்கக் குசினிக்குப் போனான். அம்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். நாகேஸ்வரி அக்கா என்று ஊரில் கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் திரும்புவார், ஒரு காது மந்தம், அந்த வெடியோடு போன காது, ஆனால் கண் கூர். அவனுடைய கையில் இருந்த இரத்தத்தை உடனே கண்டார். "என்னடா தம்பி?" "தேனுகாவுக்கு என்ர முழங்கை பட்டிட்டுது." "பட்டதோ, அடிச்சதோ?" அவன் குளிர்ப்பெட்டியைத் திறந்து ஐஸ் தட்டை முறுக்கினான். அம்மா அவனைத் தள்ளிவிட்டுத் தட்டை வாங்கித் தானே முறுக்கி, கட்டிகளைத் துணியில் கொட்டி முடிந்து அவனுடைய கையில் வைத்தார். கேட்காதே, இப்போது கேட்காதே, அங்கே ஒருத்தி இரத்தத்தோடு இருக்கிறாள்... கேட்டான். "அம்மா, அண்டைக்குப் பங்கருக்குள்ள, அவன் வந்து நிக்கேக்க... தங்கச்சி அழுதவளோ? நாங்கள் ஏதும் சத்தம் போட்டனாங்களோ?"  "சத்தமோ? அவளின்ர வாயை நான் பொத்திக்கொண்டு கிடந்தனான். நீ என்ர காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாய். மூச்சுக்கூட வெளிய போகேல்லை." "அப்ப அவன் எப்பிடி..." "பாத்தவனடா. நேர என்ர கண்ணைப் பாத்தவன். நான் அவன்ர கண்ணைப் பாத்தனான். பிள்ளையளின்ர கண் மாதிரிக் கண். அதை நான் மறப்பனே?"

வெயில் அன்றைக்கு வாசலில் நின்றவனுக்குப் பின்னால் அல்லவா இருந்தது. தொப்பியின் விளிம்பு ஞாபகம் இருக்கிறது, துவக்கின் வார் ஞாபகம் இருக்கிறது, தொப்பிக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத்தான், எத்தனை தரம் யோசித்தாலும் அதுதான், அம்மாவும் அதே மணலில், அதே பக்கத்தில் இருந்துதானே பார்த்தார், அம்மா எப்படிக் கண்டார் அந்தக் கண்ணை? அவனுக்கும் இவர்கள் தெரியவில்லை, இவர்களுக்கும் அவன் தெரியவில்லை, ஒரு சத்தமும் இல்லை, அப்படியென்றால் அவன் ஏன் போனான்... கருணைக்கு ஓர் ஆள் தெரிய வேண்டாமா... ஒருவேளை கையில் எறியக் குண்டு மிஞ்சவில்லையோ, ஒருவேளை கடைசிக் குண்டு வடிவம்மா மாமியின் பங்கருக்குள்... அவன் வாயைத் திறந்தான். அம்மா நிமிர்ந்து அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அந்தப் பார்வையில் ஏதோ ஒன்று, சொல்லாதே என்கிறதா, எனக்கும் தெரியும் என்கிறதா, இல்லை வெறுமனே மருமகளை அடித்த மகனைப் பார்க்கிற பார்வைதானா, அவனுக்கு விளங்கவில்லை. "ஏன் நிக்கிறாய்? கொண்டுபோய் அவளுக்கு வை" என்றார் அம்மா. துணியிலிருந்து தண்ணீர் முழங்கை வழியே ஓடத் தொடங்கியிருந்தது, அவன் இன்னும் குசினி வாசலைத் தாண்டவில்லை.